கமராவின் கடிகாரம் சரிதானா?

நம் நாட்டில் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் ஒரு பழைய கமரா உறங்கிக் கிடக்கின்றது. பாட்டனார் வாங்கியதாக இருக்கும். அல்லது சிறிய தந்தையார் கடல் கடந்து சென்றபோது கொணர்ந்ததாக இருக்கும். தோலுறை பூஞ்சணம் பிடித்திருந்தாலும் வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தில் 10, 25, 50, 100, 250, 500 என்று பொறித்த எண்கள் மட்டும் மங்காமல் நிற்கும். 25 என்பதற்கு நேரே குறியை நிறுத்தினால், ஷட்டர் ஒரு செக்கனின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்து மூடும் என்பது பொருள். ஆனால் இவ்வெண்கள் தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டவை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் உள்ளேயுள்ள சுருள்வில் அந்த வாக்கைக் காப்பாற்றுகின்றதா?

இவ்வினாவுக்கு விடை தெரியாமல் பிலிம் சுருளைப் போட்டு, அப்பாச்சியின் எண்பதாம் பிறந்தநாளைப் படம் பிடிக்கப் புறப்படுவது துணிச்சலான காரியமே. பிலிமின் விலை இன்று சிறிதன்று. அந்நாளோ மீண்டும் வராது. பழைய ஷட்டர்கள் பெரும்பாலும் மந்தமாகவே ஓடும். உள்ளே இட்ட எண்ணெய் இறுகிப் பிசினாகி விடுவதும், சுருள்வில் தளர்வதும் இதற்குக் காரணங்களாம். சாதாரண நெகட்டிவ் பிலிம் மிகுதியான ஒளியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சிலைட் பிலிமோ அரைப் படிப் பிழையையும் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைக்குச் சென்று சோதிப்பிக்க வேண்டுமென்பதில்லை. இசைத்தட்டுச் சுழற்றும் கிராமபோன் ஒன்று வீட்டில் இருந்தால், அதுவே அளவுகோலாகும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் என்று சிலர் தவறாகக் கூறுவர். முப்பத்து மூன்றே மூன்றிலொரு சுற்று என்பதே சரி. அதாவது மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. ஆகவே தட்டில் ஒரு காகிதக் கொடியை ஒட்டி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எண்ணினால், முதலில் கிராமபோனின் நேர்மையை அறிந்துகொள்ளலாம். அளவுகோலைச் சோதியாமல் துணியை அளப்பதில் பயன் என்ன?

இவ்வேகத்தில் தட்டு ஒரு செக்கனில் 200 பாகை திரும்புகின்றது. தட்டின்மேல் கறுப்புக் காகிதத்தை விரித்து, விளிம்பருகே பளபளக்கும் சிறு மணி ஒன்றையும் நடு அச்சில் மற்றொன்றையும் ஒட்டுக. அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தை அவற்றின்மேல் பாய்ச்சி, ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் அசையாதபடி நிறுத்திய கமராவால், வேகத்துக்கு ஒன்றாகப் படம் எடுக்கவேண்டும். கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று போதும். கழுவிப் பெருப்பித்த படத்தில், விளிம்பு மணி புள்ளியாக இராது. வளைந்த கோடாக இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து அக்கோட்டின் இரு முனைகளுக்கும் கோடிழுத்துப் பாகைமானியால் அளந்தால் கணக்கு முடிந்தது. 1/10 செக்கனுக்கு 20 பாகை, 1/25 செக்கனுக்கு 8 பாகை, 1/50 செக்கனுக்கு 4 பாகை வரவேண்டும். எட்டுப் பாகைக்குப் பதில் பன்னிரண்டு வந்ததெனின், பன்னிரண்டை இருநூறால் வகுக்க 0.06 செக்கன், அதாவது 1/25 என்று சொல்லிக்கொண்டு அக்கமரா 1/17 செக்கன் வரை திறந்து நிற்கின்றது. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது.

1/100 செக்கனுக்கு இரண்டே பாகைதான்; அதற்கு மேற்பட்ட வேகங்களில் இம்முறை பயனற்றது. 78 சுற்றுத் தட்டுடைய பழைய கிராமபோன் செக்கனுக்கு 468 பாகை திரும்புவதால் சற்றுக் கைகொடுக்கும்.

விரைவான வேகங்களுக்குக் கண்ணாடிக் குழாயுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டி உதவும். அதன் திரையில் ஒளிக்கற்றை மேலிருந்து கீழாகச் செக்கனுக்கு 50 முறை வரி வரியாக இறங்குகின்றது. இலைத்தகடுகள் விரிந்து மூடும் வகை ஷட்டரைக் கொண்டு 1/250 செக்கனில் திரையைப் படம் பிடித்தால், திரையின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பட்டை மட்டும் ஒளிர்ந்து காணப்படும். பட்டை அகன்றிருந்தால் ஷட்டர் மந்தம். இக்காலத்துத் தட்டைத் திரைகளில் இவ்வாறு இறங்கும் கற்றை இல்லையாதலால் அவை இதற்கு உதவா. பழைய பெட்டியின் பின்மூடியை மட்டும் எவரும் திறக்கவேண்டாம். உள்ளே உயிர்போக்கும் மின்னழுத்தம் உண்டு.

பிலிமே இல்லாமல் அளப்பதற்கும் வழியுண்டு. நம் கருத்தில் இதுவே சிறந்தது. ஒளி பட்டால் மின்னைக் கடத்தும் போட்டோ டிரான்சிஸ்டர் என்னும் சிறு உறுப்பை மின்னணுக் கடைகளில் மலிவாக வாங்கலாம். அதன் இரு கால்களையும் கணினியின் மைக்ரோபோன் துளைக்குச் செல்லும் கம்பியுடன் இணைத்து, கமராவின் பின்கதவைத் திறந்து பிலிம் இருக்கும் இடத்தில் வைத்து, முன்னாலிருந்து டோர்ச் அடித்து ஷட்டரைத் தட்டவேண்டும். ஒலிப்பதிவு செய்யும் மென்பொருளில் ஒளி வந்ததற்கு ஒரு கூர்முனையும் நின்றதற்கு மற்றொன்றும் தோன்றும். கணினி செக்கனுக்கு 44,100 மாதிரிகளைப் பதியும்போது, 1/500 செக்கன் என்பது சுமார் 88 மாதிரிகள். வீட்டு மின்விளக்கைப் பயன்படுத்தலாகாது. அது செக்கனுக்கு 100 முறை துடிப்பதால் கோடு குழம்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். 1925ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த லைக்கா முதலாக, 35 மில்லிமீற்றர்க் கமராக்கள் பலவற்றில் பிலிமுக்கு முன்னே இரண்டு திரைச்சீலைகள் ஓடுகின்றன. வேகம் கூடும்போது, அவற்றுக்கிடையே ஒரு சிறு பிளவு மட்டும் பிலிமைக் கடந்து செல்லும். திரை 36 மில்லிமீற்றர் தூரத்தை 1/50 செக்கனில் கடப்பதாகக் கொண்டால், 1/1000 செக்கனுக்கு அப்பிளவின் அகலம் 1.8 மில்லிமீற்றரே. நமது ஒளியுணரியோ 5 மில்லிமீற்றர் அகலமுடையதாயின், பிளவின் முன்விளிம்பு அதைத் தொட்டதிலிருந்து பின்விளிம்பு விலகும் வரை ஒளி தெரிந்துகொண்டேயிருக்கும். விளைவு? 1/1000 செக்கன் சரியாக ஓடும் நல்ல கமரா 1/265 என்று பதிவாகும்! குற்றமற்ற கமராவைக் குற்றவாளியாக்கி, அதைக் கழற்றி உண்மையாகவே கெடுத்தும் விடுவோம். ஆதலால் கறுப்பு அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் பின்னே உணரியை வைத்தே அளக்கவேண்டும். படச்சட்டத்தின் இடம், நடு, வலம் ஆகிய மூன்றிடங்களிலும் அளப்பதும் நன்று. மூன்றும் ஒவ்வாவிடின், ஒரு திரை மற்றதைவிட விரைந்தோ பிந்தியோ ஓடுகின்றதென்றும், படத்தின் ஒரு பக்கம் இருளுமென்றும் அறியலாம்.

ஒரே அளவோடு நின்றுவிடலாகாது. பல மாதம் கிடந்த கமராவை எடுத்தவுடன் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்க. பின்னர் முப்பது முறை இயக்கி மீண்டும் ஐந்து முறை அளக்க. முதலளவு மட்டும் மந்தமாயிருந்து, மற்றவை ஒத்திருப்பின், படம் எடுக்குமுன் வெறுமனே இயக்கிப் பார்த்தால் போதும். ஐந்தும் ஐந்து விதமாக வந்தால் அக்கமராவைத் திருத்துபவரிடமே கொடுக்கவேண்டும். எண்ணெய் விடும் ஆசையை அடக்கிக்கொள்க. பெரும்பாலும் தையல் எண்ணெய் வைத்தியமே இவற்றுக்கு எமனாகின்றது.

ஆனால் ஐந்து அளவும் ஒன்றாக வந்து, அவை பொறித்த எண்ணோடு மட்டும் ஒவ்வாவிட்டால் திருத்தம் தேவையில்லை. 1/25 என்பது 1/17 ஆயின், வில்லைத் துவாரத்தை அரைப் படி சுருக்கினால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். வேக எண்ணே பொறிக்கப்படாத பழைய பெட்டிக் கமராவுக்கும் இவ்வாறே ஓர் எண்ணைக் கண்டு கொடுக்கலாம். அளந்த எண்களைச் சிறு தாளில் எழுதி, அளந்த திகதியையும் இட்டு, தோலுறையின் உள்மூடியில் ஒட்டிவிடுக. அடுத்த ஆண்டு பிள்ளைகள் மறுபடி அளக்கும்போது அத்தாள் அவர்களுக்கு வேண்டியிருக்கும்.