உச்சி முகரும் தந்தை

குழந்தையை வாரி எடுத்து உச்சி முகர்தல் என்பது நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் வழக்கு. முத்தமிடுதல் வேறு, உச்சி முகர்தல் வேறு. முன்னது உதட்டின் செயல், பின்னது மூக்கின் செயல். பச்சிளங்குழந்தையின் தலையில் தனியொரு மணம் உண்டு என்பதையும், அதை நுகர்வோர்க்கு இனம் புரியாத நிறைவு உண்டாகிறது என்பதையும் நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் போலும்.

திருவிவிலியத்தின் தொடக்க நூலிலும் இத்தகைய காட்சியொன்றைக் காண்கிறோம். முதுமையால் கண்பார்வை இழந்த ஈசாக்கு, மகனை அருகில் அழைத்து, முத்தம் பெற்று, அவனது ஆடையின் மணத்தை முகர்ந்த பின்னரே ஆசி வழங்குகிறார். ஆடை ஏசாவுடையது, அணிந்து நின்றவனோ யாக்கோபு. தந்தை ஏமாந்துபோனார் என்பது உண்மையே. எனினும், பெற்ற பிள்ளையை மணத்தைக் கொண்டே அறியலாம் என்று ஒரு தந்தை நம்பியதை நாம் கவனிக்க வேண்டும்.

தாய்மைக்குப் பெண்ணின் உடல் மாதக்கணக்கில் ஆயத்தமாகிறது. ஆனால் ஆண்மகன்? மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்து நிற்பவர், செவிலி வந்து செய்தி சொன்ன அந்த நொடியில் திடீரெனத் தந்தையாகிவிடுகிறார் என்றே நாம் எண்ணி வந்தோம். கடந்த கால் நூற்றாண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகள் இவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன.

சிறு குரங்கு கற்பிக்கும் பாடம்

பிரேசில் நாட்டில் மார்மோசெட் என்னும் மிகச் சிறிய குரங்கினம் வாழ்கிறது. இவ்வினத்துப் பெண் குரங்கு பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். அவற்றை முதுகில் சுமந்து திரிவதில் தந்தைக் குரங்குக்குப் பெரும்பங்கு உண்டு. துணை கருவுற்றிருக்கும் மாதங்களிலேயே ஆண் குரங்கின் எடையும் கூடுகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். சுமக்கவேண்டிய பாரத்துக்கு உடல் முன்கூட்டியே ஆயத்தமாகிறது போலும்!

2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. குட்டியைக் காட்டாமல், அதன் மணத்தை மட்டும் தந்தைக் குரங்கு முகரும்படி செய்தனர். 20 நிமிடங்களுக்குள் அதன் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் அளவு குறைந்தது. ஆணின் உடல் வளர்ச்சிக்கும், துணை தேடும் வேட்கைக்கும், போட்டி மனப்பான்மைக்கும் தொடர்புடையது இந்த இயக்குநீர். குட்டியின் மணம் அதைத் தணித்து, தந்தையைப் பேணும் பணிக்குத் திருப்புகிறது என்பது அறிஞர் கருத்து.

மனிதரிடம் கண்டவை

குரங்குக்கு உள்ளது மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் மனிதரையே ஆராய்ந்தனர். கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்தில் 34 தம்பதியரிடம் நடந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தோரும் அண்மையில் குழந்தை பெற்றோரும் அவர்களில் இருந்தனர். பச்சிளங்குழந்தையைப் போர்த்தியிருந்த துணியில் சுற்றிய பொம்மையை அவர்கள் கையில் கொடுத்தனர், குழந்தைகளின் அழுகுரலைக் கேட்கச் செய்தனர், இரத்தத்தையும் சோதித்தனர். பேறுகாலம் நெருங்கிய நிலையில் கணவர்களிடமும் புரோலாக்டின் மிகுந்திருந்தது. தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் இயக்குநீர் அன்றோ அது! குழந்தை பிறந்த பின்னரோ, அவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்து காணப்பட்டது. மனைவியின் மசக்கையைத் தாமும் பகிர்ந்துகொள்வதுபோல் சோர்வும் குமட்டலும் உற்ற கணவர்களிடம் புரோலாக்டின் மேலும் மிகுந்திருந்தது. அத்தகைய கணவரைக் கண்டு நகைப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, குழந்தையின் தலைக்கு வருவோம். மனித உடலிலிருந்து ஆவியாக எழும் பொருள்களில் ஹெக்ஸாடெகனல் என்பது ஒன்று. குழந்தையின் தலையிலிருந்து அது மிகுதியாக வெளிப்படுகிறது. அதற்கென மணம் இருப்பதாக நாம் உணர்வதில்லை. எனினும் மூக்கின் வழியாக அது மூளையை எட்டுகிறது. இஸ்ரயேல் நாட்டின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, இதை முகர்ந்த ஆண்களின் சீற்றம் தணிந்தது. பெண்களின் சீற்றமோ மிகுந்தது. தந்தை சாந்தமடைந்தால் குழந்தைக்குத் தீங்கு நேராது; தாய் சீற்றம் கொண்டால் குழந்தைக்குத் தீங்கு செய்ய வருவோர் அஞ்சுவர். இருவகையாலும் சிசு காக்கப்படுகிறது என்று அவர்கள் கருதுகின்றனர்.

செபு நகரின் இளைஞர்

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் நடந்த ஆய்வு நமக்கு மிகவும் பயன்படும். 624 இளைஞரின் டெஸ்டோஸ்டிரோன் அளவை 2005-இலும் மீண்டும் 2009-இலும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்கத்தில் எவரிடம் இந்த அளவு உயர்ந்திருந்ததோ, அவர்களே பிற்பாடு இல்லறம் ஏற்றுத் தந்தையராகும் வாய்ப்பை மிகுதியாகப் பெற்றிருந்தனர். தந்தையான பின்னரோ, அவர்களது அளவு காலையில் ஏறத்தாழ 26 விழுக்காடும் மாலையில் ஏறத்தாழ 34 விழுக்காடும் குறைந்திருந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பராமரித்த தந்தையரிடம் அது மேலும் குறைவாக இருந்தது. குழந்தையோடு ஒரே படுக்கையில் உறங்கிய தந்தையரிடமும் மாலை அளவு குறைந்திருந்ததாக 2012-இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

இதை ஆண்மைக் குறைவு என்று எவரும் பிழைபட எண்ணவேண்டாம். உடல் தன் ஆற்றலை ஒரு கடமையிலிருந்து மற்றொரு கடமைக்குத் திருப்பிக்கொள்கிறது; அவ்வளவே.

நம் இல்லங்களில் நிகழ்வது

இவை யாவும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: தந்தைமைக்கான ஆயத்தம் ஆணின் உடலிலும் உண்டு, ஆனால் அருகிருத்தலே அதை நிறைவு செய்கிறது. மணம் எட்டாத தொலைவில் நிற்பவரை மணம் எவ்வாறு மாற்றும்?

நம்மிடையே தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அதனால் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வும் உணவும் அரவணைப்பும் பெரிது. அவ்வழக்கை நாம் குறைகூறவில்லை. ஆனால் குழந்தையின் முதல் வாரங்களில் தந்தை அங்கே விருந்தாளியாக வந்து, நாற்காலியில் அமர்ந்து, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். கை நீட்டினாலும், "கழுத்து இன்னும் நிற்கவில்லை, உங்களுக்குத் தூக்கத் தெரியாது மாப்பிள்ளை" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு தடுத்துவிடுகின்றனர். திருமுழுக்கு நாளில் ஞானத்தாய் ஏந்திய அளவுக்குக்கூடத் தம் குழந்தையை ஏந்தியிராத தந்தையர் நம்மிடையே உண்டு. பின்னர் அவரே, "பிள்ளை என்னிடம் ஒட்டவில்லை" என்று வருந்துகிறார். "பாசம் வந்தபின் தூக்குவோம்" என்று அவர் காத்திருக்கிறார். தூக்குவதனாலேயே பாசம் ஊறுகிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

ஆகவே பாட்டிமாருக்கு நமது வேண்டுகோள்: கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் முறையை மருமகனுக்குக் கற்றுக்கொடுங்கள். இளந்தந்தையரே, கைகால் கழுவி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். துணி மாற்றுங்கள்; இரவில் அழும்போது ஒரு முறையேனும் நீங்கள் எழுந்திருங்கள்.

பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்று, ஓராண்டு கழித்துத் திரும்பும் தந்தையைக் கண்டு குழந்தை அழுவது பல வீடுகளில் நாம் காணும் துயரம். அவர்கள் மனம் தளரவேண்டாம். மனிதன் மணத்தாலும் இயக்குநீராலும் மட்டும் ஆளப்படுபவன் அல்லன்; அன்பு செய்யும் உறுதியும் அவனுக்கு உண்டு. விடுமுறை நாட்களை ஊர் சுற்றிக் கழிக்காமல் குழந்தையின் அருகில் கழிப்பாராயின், அந்த உறவு மெல்ல மெல்லத் தளிர்க்கும். குழந்தை இல்லாமல் தத்தெடுத்து வளர்ப்போருக்கும் இது பொருந்தும். புனித சூசையப்பர் பெற்ற தந்தை அல்லர். உடனிருந்து வளர்த்த தந்தை.

இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தை, செய்தித்தாளையோ கைப்பேசியையோ எடுக்குமுன் குழந்தையை எடுக்கட்டும். ஒரு கணம் உச்சி முகரட்டும்.