ஊர்ப் பெண்கள் கூடிப் பேசிக் காத்த உயிர்கள்

குழந்தைப் பருவம் முழுவதிலும் மிகவும் ஆபத்தான காலம் பிறந்ததிலிருந்து முதல் 28 நாட்களே. இந்நாட்களுக்குள் நேரும் மரணத்தைப் பச்சிளங்குழந்தை இறப்பு என்று மருத்துவ உலகம் தனியாகக் கணக்கிடுகிறது. உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் எத்தனை குழந்தைகள் இக்காலத்தைத் தாண்டாமல் இறக்கின்றன என்பதே பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் எனப்படும். குறைமாதப் பிறப்பும் அதனோடு சேர்ந்து வரும் எடைக்குறைவும், பிறக்கும் வேளையில் நேரும் மூச்சுத்திணறலும், கிருமித்தொற்றும் இம்மரணங்களுக்குத் தலையாய காரணங்கள். பேறு பார்ப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், புது பிளேடால் தொப்புள்கொடியை அறுப்பதும், குழந்தையை உடனே துடைத்துத் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைப்பதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதும் இவற்றில் பலவற்றைத் தடுக்கும் என்பது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த செய்திதான். தெரிந்த இந்தச் செய்தி, அது மிகவும் தேவைப்படும் வீடுகளில் நடைமுறையாக மாறாமல் நின்றுவிட்டதுதான் நெடுங்காலச் சிக்கல்.

இதற்குச் சுகாதாரத் துறைகள் பழக்கப்பட்ட வழி ஒன்று உண்டு. படித்த ஒருவர் ஊருக்கு வந்து, படிக்காத பெண்களை உட்கார வைத்து, செய்ய வேண்டியவை இன்னின்ன என்று எடுத்துச் சொல்லிவிட்டுப் போவார். சொன்னது நடக்கவில்லையென்றால் அது அப்பெண்களின் அறியாமை என்று எழுதப்படும். சொல்வதை விடுத்துக் கேட்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்ற கேள்வியை முதலில் எழுப்பிய முயற்சிகளுள் ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் பொலிவியா நாட்டின் இன்கிசிவி மாகாணத்தில் ‘சேவ் தி சில்ரன்’ அமைப்பு நடத்திய ‘வார்மி’ திட்டம். மலையில் சிதறிக் கிடந்த 50 ஊர்களில் பெண்கள் கூடித் தங்கள் பேறுகாலச் சிக்கல்களைத் தாங்களே வரிசைப்படுத்தி, அவற்றுக்குத் தாங்களே வழி தேடினர். கருவில் முதிர்ந்த நிலையிலோ பிறந்த சில நாட்களிலோ நேரும் மரணங்கள் ஆயிரத்துக்கு 117 என்ற அளவிலிருந்து ஏறத்தாழ 44-ஆகக் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர்கள் அந்த ஆய்வில் இல்லாததால், இந்தக் குறைவு திட்டத்தால் மட்டும் வந்ததா என்ற ஐயத்துக்கு இடமிருந்தது. ஆயினும் அதைக் கண்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பை நேபாளம் ஏற்றது. மக்வான்பூர் மாவட்டத்தில் மருத்துவர் தர்ம மானந்தரும், லண்டனைச் சேர்ந்த ஆந்தணி காஸ்டெல்லோ, டேவிட் ஆஸ்ரின் முதலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, ஒன்றுக்கொன்று ஒத்த 12 இணைப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இணையிலும் எதில் மகளிர் குழுக்கள் இயங்க வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு நுழையாதபடி இவ்வாறு பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பிடுவதே குழும சமவாய்ப்பு ஆய்வு. கூட்டங்களை நடத்தியவர் மருத்துவரோ செவிலியரோ அல்லர். எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 26.2, இயங்காத பகுதிகளில் 36.9. பேறுகாலத்தில் இறந்த தாய்மார் ஒரு பக்கம் 2 பேர், மறுபக்கம் 11 பேர். தாய்மரண எண்ணிக்கை சிறியது என்பதால் அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர ஆய்வாளர்களே தயங்கினர். குழந்தைகள் விஷயத்தில் அத்தகைய தயக்கத்துக்கு இடமிருக்கவில்லை.

இம்முறை இந்தியாவில் வேரூன்றியது ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மாவட்டங்களில். சக்ரதர்பூரை இருப்பிடமாகக் கொண்டு மருத்துவர்கள் பிரசாந்த திரிபாதியும் நிர்மலா நாயரும் நடத்திய ‘ஏக்ஜுட்’ அமைப்பு, மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சாவான், கியோஞ்சர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 36 பகுதிகளை எடுத்துக்கொண்டு 2005 முதல் 2008 வரை இந்த ஆய்வை நடத்தியது. ஹோ, முண்டா, சந்தால், ஒராவன் முதலிய பழங்குடியினர் பெருமளவில் வாழும் இம்மாவட்டங்களில் அப்போது பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. சிறுசேமிப்புக்காக முன்பே கூடிக்கொண்டிருந்த பெண்கள் குழுக்கள் பலவும் புதிதாக அமைந்தவை சிலவும் மாதம் ஒருமுறை கூடத் தொடங்கின.

அக்கூட்டம் நடக்கும் விதத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் உயிர்களைக் காத்தது எது என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது. வீட்டு முற்றத்திலோ மரத்தடியிலோ பெண்கள் வட்டமாக அமர்கிறார்கள். பேறுகாலத்தில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் துன்பங்கள் ஒவ்வொன்றும் வரையப்பட்ட பட அட்டைகள் நடுவில் பரப்பப்படுகின்றன, எழுத்து தேவையில்லை. தன் ஊரில் எது மிகவும் கொடியது என்று ஒரு பெண் நினைக்கிறாளோ அந்தப் படத்தின்மேல் அவள் கூழாங்கல்லை வைக்கிறாள். எல்லோரும் வைத்து முடித்தபின் கற்கள் எண்ணப்பட்டு, அதிகக் கற்கள் பெற்ற சிக்கல்களே அந்தக் குழு எடுத்துக்கொள்ளும் வேலையாகின்றன. மாமியாரின் கல்லும் முதற்பிள்ளைக்காரியின் கல்லும் அங்கே ஒரே எடைதான்.

அடுத்து ஒரு கதை சொல்லப்படுகிறது. உதாரணமாக, பிறந்த மறுநாளே குளிர்ந்துபோய் இறந்த ஒரு குழந்தையின் கதை. ஏன் இறந்தது? வெறுந்தரையில் கிடந்தது. ஏன் வெறுந்தரையில் கிடந்தது? நஞ்சுக்கொடி வெளிவரும்வரை எல்லோரும் தாயையே கவனித்தார்கள். ஏன் குழந்தையைப் பார்க்க ஆளில்லை? உதவிக்கு இருந்தவர் ஒருவர்தான். சுற்றிவைக்கத் துணி ஏன் இல்லை? பிறக்கும் முன்பே துணி எடுத்து வைத்தால் ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். இப்படி ஒவ்வொரு ஏனும் இன்னொரு ஏனுக்கு இட்டுச் செல்ல, வறுமையும் நம்பிக்கையும் வீட்டுக்குள் யார் சொல்லுக்கு மதிப்பு என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன. காரணங்கள் கண்முன் வந்தபின், இவற்றில் நம் கையால் மாற்றக்கூடியது எது என்று குழு கேட்டுக்கொள்கிறது. சுத்தமான பிளேடும் நூலும் சோப்பும் அடங்கிய பிரசவப் பொட்டலம் ஆயத்தம் செய்து வைப்பது, அவசரத்துக்கு எடுக்கப் பொதுநிதி சேர்ப்பது, மருத்துவமனைக்குப் போக வண்டிக்கு முன்கூட்டியே பேசி வைப்பது, கர்ப்பிணி வீட்டுக்கு முறை வைத்துப் போய்ப் பார்ப்பது என வழிகள் பிறக்கின்றன. பின்னர் ஊர் முழுவதையும் கூட்டி, ஆண்கள் முன்னிலையிலும் பெரியவர்கள் முன்னிலையிலும் குழு தன் முடிவுகளை வைத்து ஒத்துழைப்புக் கேட்கிறது. சிக்கலை இனங்காண்பது, திட்டமிடுவது, செயற்படுத்துவது, விளைவை மதிப்பிடுவது என நான்கு கட்டங்களாக நடக்கும் இதைப் பங்கேற்புக் கற்றலும் செயலும் என்று பொதுச்சுகாதாரத் துறையில் குறிப்பிடுகிறார்கள்.

மூன்றாண்டு முடிவில், குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஒப்பீட்டுப் பகுதிகளைவிட 32 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 45 சதவீதம். 2010-இல் லான்செட் இதழில் வெளியான இம்முடிவில் வியப்புக்குரிய செய்தி வேறொன்றும் இருந்தது. மருத்துவமனைப் பிரசவங்கள் குழுக்கள் இருந்த ஊர்களில் குறிப்பிடத்தக்க அளவில் கூடிவிடவில்லை. மாறியது வீட்டுக்குள்ளேதான்: பேறு பார்த்தவர்கள் கை கழுவினர், கொதிக்க வைத்த நூலால் தொப்புள்கொடியைக் கட்டினர், ஆறு வாரம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்த தாய்மார் அதிகரித்தனர். மூன்றாம் ஆண்டில் தாய்மார்களிடையே மிதமான மனச்சோர்வும் 57 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பிள்ளையை இழந்த துயரத்தைத் தலைவிதி என்று விழுங்கிக்கொண்டு இருந்தவர்கள், அதைக் கேட்கவும் தோள் கொடுக்கவும் ஒரு கூட்டம் இருப்பதைக் கண்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வதில் தவறில்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான முடிவு 2013-இல் வெளிவந்தது. அரசுத் திட்டங்களின் பலன் பொதுவாக ஓரளவு வசதியுள்ளோருக்கே முதலில் போய்ச் சேரும். இடைவெளி அதனால் கூடவே செய்யும். ஏக்ஜுட் பகுதிகளில் நேர்மாறாக, மிகவும் ஒதுக்கப்பட்டவர்களின் வீடுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 59 சதவீதமும் மற்றவர்களிடையே 36 சதவீதமும் குறைந்திருந்தது. நலத்திட்டங்களை வகுப்போர் ஒவ்வொருவரும் மனத்தில் நிறுத்த வேண்டிய எண்கள் இவை.

எல்லா இடத்திலும் இது பலித்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏக்ஜுட் முடிவுகள் வெளியான அதே இதழில் வங்கதேசத்தில் நடந்த இதேபோன்ற ஆய்வின் முடிவும் வெளியானது. அங்கே இறப்பு குறையவில்லை. ஏக்ஜுட் பகுதியில் 468 பேருக்கு ஒரு குழு இருந்தது, வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. குழு அரிதாக இருந்தபோது கர்ப்பிணிகள் மிகச் சிலரே வந்தனர். பிறகு அதே பகுதிகளில் ஏறத்தாழ 309 பேருக்கு ஒரு குழு என்று அடர்த்தியாக்கியபோது இறப்பு 38 சதவீதம் குறைந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்விலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. நான்கு நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளை 2013-இல் ஒருசேர எடைபோட்டபோது, கர்ப்பிணிகளில் 30 சதவீதத்தினராவது கூட்டத்துக்கு வந்த இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெரிந்தது. பெயரளவுக்குக் குழு அமைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் ஓர் உயிரும் காக்கப்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2014-இல் உலகச் சுகாதார நிறுவனம், குறிப்பாக மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு இம்முறையைப் பரிந்துரைத்தது.

கூட்டத்தால் எது முடியும், எது முடியாது என்பதை அளக்க, செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் 1994-இல் எழுதிய கட்டுரையின் மூன்று தாமதங்கள் என்ற கருத்து உதவும். பேறுகாலத்தில் சிக்கல் நேரும் பெண் இறப்பது மூன்று தாமதங்களால்: மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போனபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் தாமதத்தை ஊர்க்கூட்டம் வெகுவாகக் குறைக்கும்; நிதியும் வண்டியும் ஏற்பாடு செய்து இரண்டாவதைப் பாதியளவாவது குறைக்கும்; மூன்றாவதன்மேல் அதற்கு அதிகாரமே இல்லை. இரத்தப்போக்கில் துடிக்கும் தாய்க்கு இரத்தமும், அறுவைக்கு மயக்க மருத்துவரும் கூட்டத்தின் கைவசம் இல்லை. அவற்றைத் தரவேண்டியது அரசு. ஏழைப் பெண்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்கிறார்கள் என்ற புகழுரைக்குப் பின்னால் அந்தக் கடமை ஒளிந்துகொள்ள விடக் கூடாது. தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடப்பதற்கும் தாய்மரணம் குறைந்ததற்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியரை இருத்தியது போன்ற அரசு முதலீடுகள்தாம் அடிப்படை.

இந்தியாவில் இம்முறை அரசுக் கட்டமைப்புக்குள் நுழைந்தது ‘ஆஷா’ பணியாளர்கள் வழியாக. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ் ஊருக்கு ஒருவராக அமர்த்தப்பட்ட இப்பெண்களை ஜார்க்கண்டில் ‘சஹியா’ என்பர். அவர்களே கூட்டங்களை நடத்தினால் பலன் நிற்குமா என்று ஏக்ஜுட் 2009 முதல் 2012 வரை இரண்டாவது ஆய்வு நடத்தியது. இறப்பு 31 சதவீதம் குறைந்தது. பின்னர் ஜார்க்கண்ட் அரசு இக்கூட்டங்களை மாநில அளவில் விரித்தபோது, ஆறு மாவட்டங்களில் செய்து 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் 24 சதவீதக் குறைவு தெரிந்தது. ஆய்வுக்காரர்களின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல், அரசுப் பணியின் சந்தடிக்கு நடுவே கிடைத்த பலன் இது. அந்த வகையில் முந்தைய எண்களைவிட நம்பிக்கை தருவது. ஆனால் இதைச் செய்துகாட்டிய ஆஷாக்கள் இன்னும் முறையான ஊதியம் பெறும் ஊழியர்களாக ஏற்கப்படவில்லை; தன்னார்வலர் என்ற பெயரில் ஊக்கத்தொகையே பெறுகிறார்கள். நாடெங்கும் அவர்கள் மீண்டும் மீண்டும் போராட்டத்தில் இறங்குவதன் நியாயம் வெளிப்படை.

ஆய்வுகள் தொடங்கிய நாளிலிருந்து களமும் மாறிவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஜார்க்கண்டில் 2005-06-இல் ஐந்தில் ஒரு பிரசவம்கூட மருத்துவமனையில் நடக்கவில்லை. 2019-21-இல் நான்கில் மூன்று அங்கேயே நடந்தன. கை கழுவுவதும் கொடி அறுப்பதும் இப்போது பெரும்பாலும் செவிலியரின் பொறுப்பு. ஆனால் பிறந்த ஓரிரு நாட்களில் குழந்தை வீடு திரும்பிவிடுகிறது; 28 நாட்களில் எஞ்சியவற்றை அது வீட்டில்தான் கழிக்கிறது. ஆகவே கூட்டங்களில் பரப்பப்படும் பட அட்டைகளும் மாறவேண்டியிருக்கிறது: எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு முறை, பால் குடிக்க மறுப்பது, வேகமாக மூச்சு வாங்குவது போன்ற அபாய அறிகுறிகள், கர்ப்பிணியின் தட்டில் சோற்றோடு என்ன இருக்கிறது என்ற கேள்வி, இவற்றோடு மருத்துவமனையில் தன்னை அதட்டியதையும் பணம் கேட்டதையும் ஒரு பெண் எங்கே, யாரிடம் முறையிடுவது என்பதும் சேர்ந்தால்தான், மூன்றாவது தாமதத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் அந்த வட்டத்துக்கு வந்து சேரும்.