வன்தட்டுக் கடவுச்சொல் பாதுகாப்பு

கணினியின் வன்தட்டில் உள்ள தரவை உரிமை இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் முறைகள் வன்தட்டுக் கடவுச்சொல் பாதுகாப்பு எனப்படுகின்றன. அலுவலகக் கணினிகளில் ஊழியர் விவரம், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் கணக்கு போன்றவை இருப்பதால் அங்கு இதன் தேவை அதிகம். கணினி திருடு போனாலும், பழுதுபார்க்க வெளியே சென்றாலும், பழைய பொருளாக விற்கப்பட்டாலும் உள்ளிருக்கும் தரவு பிறர் கைக்குப் போகாமல் காப்பதே இதன் நோக்கம். கணினி கேட்கும் எல்லாக் கடவுச்சொற்களும் இந்த வேலையைச் செய்வதில்லை.

ஏன் தேவைப்படுகிறது

2006 மே மாதத்தில் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறையில் பணியாற்றிய ஊழியர் ஒருவரின் வீட்டில் திருட்டு நடந்தது. அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்த தரவு இருந்த மடிக்கணினியும் வெளிப்புற வன்தட்டும் களவு போயின. அவற்றில் சுமார் 2.65 கோடி பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை மறைகுறியாக்கம் செய்யப்படாமல் இருந்தன. அடுத்த மாதமே கருவிகள் மீட்கப்பட்டன. தரவை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்று எஃப்.பி.ஐ. கூறியது. ஆனாலும் தொடரப்பட்ட வழக்கை முடிக்க 2009இல் அரசு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மடிக்கணினிகளில் உள்ள முக்கியத் தரவை மறைகுறியாக்க வேண்டும் என்று 2006 ஜூனிலேயே அரசு அலுவலகங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

பூட்டுகளின் வகைகள்

1. இயங்குதளக் கடவுச்சொல்: விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் நுழையும்போது கேட்கப்படுவது. இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே இதற்கு அதிகாரம் உண்டு. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலோ, லினக்ஸ் ஏற்றிய யு.எஸ்.பி. மூலம் கணினியைத் தொடங்கினாலோ, மறைகுறியாக்கப்படாத கோப்புகளை இந்தக் கடவுச்சொல் இல்லாமலே படித்துவிடலாம்.

2. பயோஸ் கடவுச்சொல்: கணினியை இயக்கியதும், இயங்குதளம் தொடங்கும் முன்பே கேட்கப்படுவது. இது கணினியின் தாய்ப்பலகையோடு சேர்ந்தது, வன்தட்டோடு சேர்ந்ததல்ல. எனவே வன்தட்டைக் கழற்றி எடுப்பவரை இது தடுக்காது. பழைய மேசைக்கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையின் சிறு மின்கலத்தைச் சற்று நேரம் கழற்றி வைத்தாலே இது அழிந்துவிடும்.

3. ஏ.டி.ஏ. கடவுச்சொல்: வன்தட்டின் உள்ளேயே பதியும் கடவுச்சொல் இது. வேறு கணினிக்கு மாற்றினாலும் பூட்டு கூடவே செல்லும். பயனர் கடவுச்சொல், தலைமைக் கடவுச்சொல் என இரண்டு வைக்க முடியும். பாதுகாப்பு நிலை 'உயர்' என்றிருந்தால் தலைமைக் கடவுச்சொல்லாலும் திறக்கலாம். 'உச்சம்' என்றிருந்தால் தலைமைக் கடவுச்சொல்லைக் கொண்டு தட்டு முழுவதையும் அழிக்க முடியுமே தவிர, தரவைப் படிக்க முடியாது. ஆனால் சாதாரண வன்தட்டுகளில் தரவு எழுதப்பட்டபடியேதான் இருக்கும். தட்டின் மின்சுற்று அதைத் தர மறுக்கிறது, அவ்வளவே. தரவு மீட்பில் தேர்ந்தவர்கள் இந்தத் தடையைக் கடக்க வாய்ப்புண்டு.

4. முழுத்தட்டு மறைகுறியாக்கம்: தட்டில் எழுதப்படும் அனைத்தையும் புரியாத வடிவுக்கு மாற்றி வைக்கும் முறை. விண்டோஸில் பிட்லாக்கர், மேக் கணினிகளில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. தட்டைக் கழற்றி எங்கு கொண்டுபோய் இணைத்தாலும் சாவி இல்லாதவருக்குப் பொருளற்ற எழுத்துகளே கிடைக்கும். மேலே கூறிய திருட்டு போன்ற நிலையில் தரவைக் காக்கக்கூடியது இந்த முறையே.

செயல்படும் விதம்

முழுத்தட்டு மறைகுறியாக்கத்தில் நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் நேரடியாகத் தரவைப் பூட்டுவதில்லை. கணினி தானே உருவாக்கும் நீண்ட எண் ஒன்று சாவியாக நின்று தரவை மறைக்கிறது. நமது கடவுச்சொல் அந்தச் சாவியைப் பூட்டி வைக்கிறது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றும்போது தட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. பழைய கணினியை விற்கும்போது சாவியின் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டால் தட்டிலுள்ள தரவு எவருக்கும் பயன்படாது.

பல அலுவலகக் கணினிகளில் டி.பி.எம். என்னும் சில்லு இந்தச் சாவியைக் காக்கிறது. கணினியின் தொடக்க அமைப்பில் மாற்றம் ஏதும் இல்லையெனில் சில்லு தானாகவே சாவியைக் கொடுத்துவிடும். பயனர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கூடுதல் பாதுகாப்பு வேண்டுவோர் தொடக்கத்திலேயே ஓர் இரகசிய எண்ணைக் கேட்கும்படி அமைக்கலாம்.

எல்லைகள்

கணினி திறந்திருக்கும்போது தட்டும் திறந்தே இருக்கிறது. அப்போது நுழையும் வைரஸையோ, ஊழியரை ஏமாற்றிக் கோப்பை மின்னஞ்சலில் பெறுபவரையோ மறைகுறியாக்கம் தடுக்காது. உறக்க நிலையில் உள்ள மடிக்கணினியின் நினைவகத்தில் சாவி தங்கியிருக்கும். மின்சாரம் நின்ற பிறகும் நினைவகத்திலிருந்து சாவியைச் சிறிது நேரம் வரை எடுக்க முடியும் என்பதை 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். எனவே மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்லும்போது முழுமையாக நிறுத்துவது நல்லது.

தட்டு தானே செய்துகொள்ளும் மறைகுறியாக்கத்தை மட்டும் நம்புவதும் போதாது. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில எஸ்.எஸ்.டி. தட்டுகளில் கடவுச்சொல் இல்லாமலே தரவைப் பெற முடிந்ததை 2018இல் வெளியிட்டனர். அதன்பின் 2019இல், புதிதாக மறைகுறியாக்கும் தட்டுகளுக்கு மென்பொருள் வழி மறைகுறியாக்கத்தையே பிட்லாக்கரின் இயல்பு முறையாக மைக்ரோசாஃப்ட் மாற்றியது.

சாவியைப் பேணுதல்

பூட்டு வலிமையாக இருக்கும்போது, சாவி தொலைந்தால் உரியவருக்கும் தரவு கிடைக்காது. இதற்காகவே பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் ஒன்றைத் தருகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. மறைகுறியாக்கப்பட்டிருந்தவற்றைச் சரிசெய்யப் பல இடங்களில் இந்த மீட்பு எண் தேவைப்பட்டது. அது உடனே கிடைக்காத அலுவலகங்களில் வேலை மேலும் தாமதமானது.

அலுவலகங்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

• ஒவ்வொரு கணினியின் மீட்பு எண்ணையும் அலுவலகமே பதிவு செய்து வைத்தல். ஊழியர் ஒருவரின் நினைவை மட்டும் நம்பாதிருத்தல்.
• அந்தப் பதிவின் ஒரு பிரதியை, கணினிகள் இயங்காத நாளிலும் எடுக்கக்கூடிய இடத்தில் பூட்டி வைத்தல்.
• மீட்பு எண்ணை எழுதி மடிக்கணினிப் பையிலேயே வைக்காதிருத்தல்.
• வெளிப்புற வன்தட்டு, யு.எஸ்.பி. ஆகியவற்றையும் மறைகுறியாக்குதல்.
• தரவைத் தவறாமல் வேறிடத்தில் படியெடுத்தல். தட்டு பழுதானால் கடவுச்சொல் தெரிந்திருந்தும் பயனில்லை.
• ஊழியர் பணியை விட்டு விலகும்போது, கணினியுடன் அதன் கடவுச்சொல்லையும் பெற்று மாற்றிவிடுதல்.