கரையோர வீடும் காப்புறுதிக் கட்டணமும்

கடலை நோக்கி வாயில் அமைந்த வீட்டில் வாழ விரும்புதல் மனித இயல்பு. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் மெக்சிக்கோ விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் புளோரிடா மாநிலம் இவ்விருப்பத்தின்மேலேயே வளர்ந்தது எனின் மிகையாகாது. 1950ஆம் ஆண்டில் ஏறத்தாழ 28 இலட்சமாயிருந்த அதன் குடித்தொகை, 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது 2 கோடி 15 இலட்சத்தைத் தாண்டியது. குளிர்மிக்க வடமாநிலங்களில் உழைத்து ஓய்வுபெற்றோர் பலர் தம் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு இங்கு வீடு வாங்கினர். வீட்டை வாங்குதல் ஒருமுறைச் செலவு. அதனைக் காப்புறுதி செய்துவைத்தலோ ஆண்டுதோறும் தொடரும் செலவு. இப்பின்னைய செலவு, சிலரை வீட்டை விற்கவும் வேறு சிலரைக் காப்புறுதியையே கைவிடவும் தூண்டும் அளவுக்கு உயர்ந்துள்ளது. அஃது ஏன் உயர்ந்தது, அதனை யார் பொறுத்தல் நீதியாகும் என்னும் இரண்டு வினாக்களும் பொருளியல் பயில்வோர் ஆராய்தற்குரியன.

அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஹரிக்கேன் என வழங்கப்படுவது, வங்காள விரிகுடாவில் சூறாவளி எனப்படும் அதே இயற்கை நிகழ்ச்சியே. 1964ஆம் ஆண்டு மார்கழியில் வட இலங்கையையும் தனுஷ்கோடியையும், 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பையும் அழித்த புயல்கள் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. அமெரிக்கர் ஹரிக்கேன்களைக் காற்றின் வேகத்துக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பர். மணிக்கு 74 மைல் வேகத்தில் முதலாம் வகுப்புத் தொடங்கும். 157 மைலும் அதற்கு மேலும் ஐந்தாம் வகுப்பாகும். காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதாகலின், வேகம் இருமடங்காகும்போது சுவரையும் கூரையையும் தாக்கும் விசை நான்கு மடங்காகின்றது. இதனோடு, புயல் தள்ளிவரும் கடல்நீர் கரையேறி வீடுகளை அடித்துச் செல்கின்றது. எனவே கரையோர வீட்டுக்குப் பகைவர் இருவர்: ஒன்று காற்று, மற்றொன்று நீர். இவ்விரண்டையும் காப்புறுதி வெவ்வேறாகவே நோக்குகின்றது என்பதைப் பின்னர்க் காணலாம்.

காப்புறுதியின் அடிப்படை யாதெனின், பலர் சிறுசிறு தொகை ஈந்து ஒரு சிலரின் பேரிழப்பைத் தாங்குதலாம். கணக்கின் எளிமை கருதி ஓர் உதாரணம் கொள்க. வெவ்வேறு ஊர்களில் ஒவ்வொன்றும் 300,000 டொலர் பெறுமதியுள்ள 1,000 வீடுகள் உள்ளன. ஓராண்டில் ஒரு வீடு தீப்பற்றி அழிவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு ஒன்று எனின், ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 வீடுகள் எரியும். இழப்பு 30 இலட்சம் டொலர். வீடொன்றுக்கு 3,000 டொலர் பெற்றால் கணக்குச் சரியாகிவிடும். ஓராண்டில் 8 வீடும் மற்றோராண்டில் 12 வீடும் எரிதல் கூடுமாயினும் சராசரி பெரிதும் பிறழாது. ஒரு வீட்டின் தீ அயலூர் வீட்டைத் தொடாமையே இதற்குக் காரணம்.

இனி, இதே 1,000 வீடுகளும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து நிற்பதாகவும், நூறாண்டுக்கு ஒருமுறை நிகழத்தக்க பெரும்புயல் அவை அனைத்தையும் அழிப்பதாகவும் கொள்க. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள ஆபத்து முன்போலவே நூற்றுக்கு ஒன்றுதான். ஆண்டுச் சராசரி இழப்பும் அதே 30 இலட்சம் டொலரே. ஆயின் புயல் வரும் ஆண்டில் வேண்டப்படுவது 30 கோடி டொலர். ஐந்தாம் ஆண்டில் அப்புயல் வருமாயின், அதுவரை சேர்ந்திருக்கக்கூடிய தொகை ஒன்றரைக் கோடியே. எஞ்சிய 28 கோடி 50 இலட்சம் டொலரை எங்கிருந்து பெறுவது? கரையோரக் காப்புறுதியின் முழுச் சிக்கலும் இவ்வினாவில் அடங்கியுள்ளது.

இதற்கு விடையாக எழுந்ததே மீள்காப்புறுதி. காப்புறுதித் தாபனம் தன் சுமையின் ஒரு பகுதியை மியூனிக், சூரிச், பெர்மியூடா முதலிய இடங்களில் உள்ள பெருந்தாபனங்களுக்கு விற்கின்றது. அத்தாபனங்கள் யப்பானின் நிலநடுக்கத்தையும், ஐரோப்பாவின் மாரிப்புயலையும், புளோரிடாவின் ஹரிக்கேனையும் ஒரே கணக்கிற் சேர்க்கின்றன. இவை மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்தல் அரிதாகலின் சுமை பரவுகின்றது. ஆயின் புயல் வராத ஆண்டிலும் பெரும் மூலதனத்தை ஆயத்தமாக வைத்திருப்போர் அதற்குக் கூலி கேட்பர். மேற்காட்டிய 30 கோடிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வீதம் கூலி எனின், அது 60 இலட்சம் டொலர். வீடொன்றுக்கு 6,000 டொலர். எதிர்பார்க்கும் இழப்பாகிய 3,000 டொலரிலும் அதனைத் தாங்குவோர் கூலி இருமடங்காதல் காண்க. இவை விளக்கத்துக்குக் கொண்ட எண்களேயன்றிச் சந்தை விலையல்ல. எனினும், அண்டை வீடுகள் பல்லாண்டு சேதமுறாதிருந்தும் கட்டணம் ஏன் உயர்கின்றது என மயங்குவோர்க்கு இவை விடை பகரும்.

இவ்வுண்மையைப் புளோரிடா பெருவிலை கொடுத்தே கற்றது. 1992ஆம் ஆண்டு ஆவணி 24ஆம் நாள் 'அன்ட்ரூ' என்னும் ஹரிக்கேன் மயாமி நகருக்குத் தெற்கே கரையேறிற்று. டேட் பகுதியில் 25,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 100,000க்கு மேற்பட்டவை சேதமுற்றன. காப்புறுதி செய்யப்பட்ட இழப்பு மட்டும் ஏறத்தாழ 1,550 கோடி டொலர். பதினொரு தாபனங்கள் வங்குரோத்தாயின. அதுகாறும் கடந்தகால இழப்புகளின் சராசரியைக் கொண்டே கட்டணம் கணித்து வந்தனர். அமைதியான சில பத்தாண்டுகளின் சராசரி, வரவிருக்கும் பெரும்புயலைக் காட்டமாட்டாது என்பது அன்று புலப்பட்டது. அதன்பின், நிகழக்கூடிய ஆயிரக்கணக்கான புயல்களைக் கணிப்பொறியில் அமைத்து, ஒவ்வொன்றும் எவ்வீட்டுக்கு எவ்வளவு ஊறு செய்யும் எனக் கணக்கிடும் முறை பெருவழக்காயிற்று.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1993இல் புளோரிடா ஹரிக்கேன் பேரழிவு நிதியம் தோன்றியது. தனியார் தாபனங்கள் ஏற்க மறுத்த வீடுகளுக்கு இறுதிப் புகலிடமாக 2002இல் 'சிற்றிசன்ஸ்' ஆதனக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இறுதிப் புகலிடம் என அமைந்த அது, 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 இலட்சம் பத்திரங்களைக் கொண்டிருந்தது. இவ்விரு நிறுவனங்களின் கையிருப்பும் போதாதவிடத்து, மாநிலத்தில் வேறு காப்புறுதி உடையோரிடமும் மேலதிக வரி அறவிடலாம் என்பது சட்டம். 2004ஆம் ஆண்டில் நான்கு ஹரிக்கேன்களும் அடுத்த ஆண்டில் வேறு சிலவும் தாக்கியபின், கடலையே காணாத உள்ளூர்களில் மோட்டார் வண்டிக்குக் காப்புறுதி செய்தோரும் இவ்வரியைச் செலுத்த நேர்ந்தது.

நீரால் விளையும் சேதத்தின் வரலாறு வேறு. சாதாரண வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் தீ, களவு, காற்று முதலியவற்றை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. கடல் கரையேறுதலும் வெள்ளமே என்பது அதன் கொள்கை. வெள்ளக் காப்புறுதியைத் தனியார் ஏற்கத் தயங்கியமையால், சமஷ்டி அரசாங்கம் 1968இல் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பு வீடொன்றின் கட்டடத்துக்கு 250,000 டொலரும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 100,000 டொலரும் அதன் உச்ச வரம்பு. பத்திரம் பெற்றபின் பொதுவாக 30 நாள் கழிந்தே அது செயற்படும். புயல் வருகின்றது எனக் கேட்டபின் ஓடிச்சென்று வாங்குதல் பயன்படாது. 2022ஆம் ஆண்டு புரட்டாதியில் 'இயன்' என்னும் ஹரிக்கேன் போட் மையர்ஸ் கடற்கரையைத் தாக்கியபோது, நீர் நிலமட்டத்துக்குமேல் 10 அடிக்கு அதிகமாக எழுந்தது. காற்றுக்கு மட்டும் காப்புறுதி செய்து வெள்ளத்துக்குச் செய்யாதிருந்தோர் பெருந்துயருற்றனர். வீட்டை வீழ்த்தியது காற்றா நீரா என்னும் வழக்கு ஒவ்வொரு பெரும்புயலின் பின்னும் எழுவதற்கு இப்பிரிவினையே காரணம்.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் தொடரும் பலரை மயக்குகின்றது. நூறாண்டுக்கு ஒருமுறையே வரும் என்பது அதன் பொருளன்று. ஒவ்வோராண்டும் நூற்றுக்கு ஒன்று நிகழ்தகவு உண்டென்பதே பொருள். 30 ஆண்டு ஈட்டுக்கடன் பெற்று வீடு வாங்கியவர், கடன் தீருமுன் அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் காண்பதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 26 வீதமாகும். இது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். இத்தகைய நிலப்பகுதியில், சமஷ்டி அரசின் ஒழுங்குக்குட்பட்ட வங்கிகளில் ஈட்டுக்கடன் பெறுவோர் வெள்ளக் காப்புறுதி செய்தல் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

கட்டணத்தை நோக்குவார் பலர் காணத் தவறும் செலவு பிறிதொன்று உண்டு. ஹரிக்கேன் சேதத்தில் முதற்பங்கை வீட்டுடையாரே பொறுக்க வேண்டும். அப்பங்கு பெரும்பாலும் வீட்டின் காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு 2, 5 அல்லது 10 வீதமாக வகுக்கப்படும். 400,000 டொலருக்குக் காப்புறுதி செய்த வீட்டில் 2 வீதம் என்பது 8,000 டொலர். 10 வீதம் என்பது 40,000 டொலர். பெரும்பங்கைத் தாமே ஏற்போருக்குக் கட்டணம் குறையும் என்பது உண்மையே. ஆயின் அத்தொகையைக் கையிருப்பாக வைத்திராதவர் அவ்வாறு செய்தல், குடையின் துணியை விற்றுக் கம்பியை வைத்திருத்தல் போலாம்.

கட்டணத்தைக் குறைக்கும் நேரிய வழி வீட்டை வலுப்படுத்தலே. அன்ட்ரூ புயலின் பின் நிகழ்ந்த ஆராய்வில், கூரைகள் உரியவாறு பிணிக்கப்படாமையும் மேற்பார்வைக் குறைவும் வெளிப்பட்டன. 2002ஆம் ஆண்டு பங்குனி தொட்டு மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. யன்னல் உடையின் காற்று உட்புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். ஆதலின் யன்னற் காப்புக் கதவுகள் இன்றியமையாதன. கைமரங்களை உலோகப் பட்டிகளாற் சுவரோடு பிணித்தல் வேண்டும். இருபுறம் சாய்ந்த கூரையிலும் நாற்புறமும் சாய்ந்த கூரை காற்றைத் தாங்கவல்லது. இவற்றைப் பரிசோதித்துச் சான்று பெற்ற வீடுகளுக்குக் கட்டணக் கழிவு அளித்தல் புளோரிடாவிற் சட்டமாகும். வெள்ளத்துக்கோ, தூண்கள்மீது வீட்டை உயர்த்துதலே சிறந்த காப்பு.

இனி நீதி பற்றிய வினா எஞ்சுகின்றது. கடலருகே வாழும் இன்பத்தைத் துய்ப்பவர் அதன் ஆபத்துக்குரிய விலையையும் செலுத்துதலே முறை என்பர் ஒருசாரார். அரசு விலையைக் குறைத்து வைத்தால், ஆபத்தான மணற்றிட்டிலும் மேலும் வீடுகள் எழும், அழிந்தவிடத்திலேயே மீண்டும் கட்டப்படும், இழப்பும் பெருகும். வெள்ளக் காப்புறுதித் திட்டம் பெற்ற கடனில் 1,600 கோடி டொலரைக் காங்கிரசுச் சபை 2017இல் தள்ளுபடி செய்யவேண்டி நேர்ந்தமை இவர் கூற்றுக்குச் சான்றாகும். 2021இல் தொடங்கிய புதிய கட்டண முறை, நீரிலிருந்து வீட்டின் தூரம், உயரம், மீளக் கட்டும் செலவு என்பவற்றை வீடுதோறும் நோக்குவதும் இக்கருத்தைத் தழுவியதே.

கடற்கரையில் வாழ்வோர் யாவரும் செல்வரல்லர் என்பர் மறுசாரார். மீன்பிடிப்போரும், விடுதிகளில் ஊழியஞ் செய்வோரும், நிலையான ஓய்வூதியத்தையே நம்பிய முதியோரும் அங்குளர். கட்டணத்தை ஒரே நாளில் முழு அளவுக்கு உயர்த்தின் அவர்கள் காப்புறுதியின்றியே வாழ்வர். புயலின்பின் அவர்களைத் தாங்கும் சுமை எவ்வாறாயினும் அரசின்மீதே வீழும். பெரும்பாலான நிலையான குடியிருப்புகளுக்கு வெள்ளக் கட்டணம் ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்னும் சட்ட வரம்பு இவர்பொருட்டே நிலவுகின்றது.

இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் விலை வேறு, உதவி வேறு என்பதை உணர்ந்தால் முரண்பாடு பெரிதும் நீங்கும். கட்டணம் ஆபத்தின் அளவை உள்ளவாறு கூறும் செய்தி; அச்செய்தியை மறைத்தல் எவர்க்கும் நன்மையன்று. வறியவர்க்கு உதவி வேண்டுமாயின், அது வருமானம் நோக்கி வெளிப்படையாக அளிக்கப்படுதல் வேண்டும். அதனினும் சிறந்தது கூரையைப் பிணிக்கவும் வீட்டை உயர்த்தவும் அளிக்கும் உதவி. முன்னையது இழப்பைப் பகிர்கின்றது. பின்னையது இழப்பையே குறைக்கின்றது. காப்புறுதி புயலைத் தடுப்பதன்று. புயலின் செலவை யார், எப்பொழுது செலுத்துவர் என்பதை வகுப்பதே அதன் பணி. குறைந்த கட்டணத்தால் மறைக்கப்பட்ட செலவு மறைந்தொழிவதில்லை. உள்ளூரில் வண்டியோட்டுபவனின் பத்திரத்திலோ, அரசின் கடனிலோ, பின்வரும் சந்ததியின் வரியிலோ அது மீண்டும் தலைகாட்டும். கடல்மட்டம் உயர்ந்து வரும் இந்நாளில் கரையோர மக்கள் அனைவரும் இக்கணக்கைக் காலத்தோடு கற்றல் கடனாகும்.