ரத்தம் ஊற செந்தூரம் போதுமா?

"டாக்டர், பிள்ளை வெளுத்துக்கிட்டே போறான். ரத்தம் ஊற அயச்செந்தூரம் ஏதாவது கொடுங்களேன்!" என்று கேட்டு வரும் பெற்றோர் அநேகம். இரும்புக் குறைவால் வரும் பாண்டு நோய்க்கு அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் நல்ல மருந்துகள்தான். ஆனால், குழந்தைக்கு இருப்பது தலசீமியா மேஜர் என்றால் அதே மருந்து கெடுதலாகிவிடும்!

ஏன்? இந்தக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவிலேயே கோளாறு. அதனால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்திலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. அதை வெளியே தள்ள உடம்பில் வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். அதை வெளியேற்றத்தான் தினமும் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு என்னிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்படியானால் நிரந்தரத் தீர்வே இல்லையா? இருக்கிறது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை! ரத்தம் உற்பத்தியாகிற இடம் எலும்பு மஜ்ஜை. குழந்தையின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிட்டு, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையை ரத்தம் ஏற்றுவதுபோலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே இதை ஆரம்பித்துவிட்டார்கள்.

கூடப்பிறந்த ஒருவரோடு ஹெச்.எல்.ஏ. முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவருக்குத் தலசீமியா மைனர் இருந்தாலும் கொடுக்கலாம். மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுப்பார்கள். சில வாரத்தில் மறுபடி ஊறிவிடும். பயப்பட வேண்டாம்.

கல்லீரல் கெடுவதற்கு முன், சின்ன வயசிலேயே இதைச் செய்துகொண்ட குழந்தைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் ரத்தம் ஏற்றாமலே வாழ்கிறார்கள். அதனால், நோய் தெரிந்த உடனேயே பொருத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொற்று வரலாம். புது செல்களே குழந்தையின் தோலையும் குடலையும் தாக்கலாம். சில குழந்தைகளை இழக்கவும் நேர்கிறது.

இன்னொரு விஷயம். "என் பிள்ளைக்கு என் ரத்தம்தான் ஏத்தணும்" என்று பாசத்தில் சில அப்பாக்கள் கை நீட்டுவார்கள். மாற்று சிகிச்சை செய்யும் எண்ணமிருந்தால் அது வேண்டவே வேண்டாம். நெருங்கிய சொந்தங்களின் ரத்தம் ஏறியிருந்தால், பிறகு வரும் மஜ்ஜையை உடம்பு ஏற்க மறுக்கும் அபாயம் அதிகம்.

செலவு பல லட்சம் ஆகும். கோல் இந்தியா நிறுவனம் 2017-ல் தொடங்கிய திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சிகிச்சை தரும் மருத்துவமனையில் உள்ள சமூகப் பணியாளரிடம் கேட்டால் விவரம் சொல்வார்.