கைப்பேசிக்குள் ஒரு லினக்ஸ்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006-இல் உற்பத்தி தொடங்கியது; 2014 நவம்பரில் நின்றது. இடையில் கோடிக்கணக்கான கைப்பேசிகள் அங்கிருந்து போயின. அவற்றில் பலவற்றில் சின்னச் சின்ன ஜாவா நிரல்களைப் போட்டுக்கொள்ளலாம். அடியில் ஓடிய இயங்குதளம் மட்டும் நோக்கியாவின் கைக்குள்ளேயே இருந்தது.

அதே நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த என்900 வேறு ரகம். அதன் மேமோ இயங்குதளம் டெபியன் லினக்ஸிலிருந்து பிறந்தது. 600 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், இழுத்தால் வெளிவரும் விசைப்பலகை. டெர்மினலைத் திறந்து கட்டளை தட்டலாம், ஆப்ட்-கெட் கொண்டு மென்பொருள் இறக்கலாம், ரூட் உரிமை பெற்று இயங்குதளத்தின் கோப்புகளையே திருத்தலாம்.

இன்றைய ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் கொடுத்து, ஒன்றின் கோப்பை இன்னொன்று தொடாதபடி ஆண்ட்ராய்டு பிரித்துவைக்கிறது. ஃபோனை வாங்கியவருக்கே ரூட் உரிமை கிடையாது. ஃபோன் எழும்போது முதலில் ஓடும் பூட்லோடர், தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டுமே ஏற்கும். கள்ள மென்பொருளுக்கு எதிராக இது நல்ல காப்பு. ஆனாலும் காசு கொடுத்தவர் கேட்டால் பூட்லோடரின் பூட்டைத் திறந்துதர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில நிறுவனங்கள் திறந்துதருகின்றன. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகும் ஐஃபோனை வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

பூட்டைத் திறக்காமலும் ஆண்ட்ராய்டில் நிறையச் செய்யலாம். எஃப்-டிராய்டு என்ற செயலிக் கிடங்கில் இலவசமாகக் கிடைக்கும் டெர்மக்ஸ் செயலி, ரூட் கேட்காமலே பேஷ், பைத்தான், சி கம்பைலர், கிட் எல்லாவற்றையும் தருகிறது. டெர்மக்ஸ் ஏபிஐ என்ற துணைச் செயலியையும் போட்டால் ஃபோனின் சென்சார்களை நிரலிலிருந்தே படிக்கலாம். ஒரகடம் பக்கம் ஐடிஐ படிக்கும் மாணவர் ஒருவர், ஸ்டாண்டு ஃபேனின் அடிப்பலகையில் ஃபோனை வைத்து, முடுக்கமானி சொல்லும் எண்களைக் கோப்பில் சேர்க்கலாம். இறக்கை ஒன்றில் சின்ன எடையை ஒட்டிவிட்டு மறுபடி அளந்தால், சமநிலை கெட்ட இயந்திரம் எவ்வளவு கூடுதலாக ஆடுகிறது என்பது வரைபடத்தில் தெரியும். வேகமான அதிர்வுகள் இந்த முறைக்கு எட்டாது. பாடத்துக்கு இது போதும். லேப்டாப் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை எல்லாப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித்தர வேண்டும்.

மோடம் மட்டும் கைக்கு வராது. செல்கோபுரத்தோடு பேசும் அந்தப் பகுதிக்குத் தனி மென்பொருள். என்900-இலும் அது மூடியே இருந்தது.

பூட்லோடர் திறக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் வீட்டில் கிடந்தால், 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அதற்குப் பொருந்துமா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டை நீக்கிவிட்டு ஆல்பைன் லினக்ஸை ஏற்றும் திட்டம் அது. சில ஃபோன்களில் கேமரா ஓடாது, சிலவற்றில் அழைப்பு போகாது. வைஃபை ஓடினால் போதும், சின்ன சர்வராக வைத்துக்கொள்ளலாம்.