கொழுப்பின் மென்மையை அளத்தல்

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கனிந்துவிட்டதோ என்றறியப் பெருவிரலால் அதனை மெல்ல அழுத்திப் பார்ப்பது நம்மூர் வழக்கம். எவ்வளவு விசையுடன் அழுத்தினோம், அதற்குப் பழம் எவ்வளவு அமிழ்ந்தது என்னும் இரண்டையும் ஒப்பிட்டே விரல் முடிவு கூறுகின்றது. வைத்தியர் நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்ப்பதும் இத்தகைய சோதனையே. விரலின் இம்முடிவை எண்ணாக எழுத இயலுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஊக்கின் விதியைக் கற்றோர் யங்கின் மட்டினை மறந்திரார். தகைப்பை விகாரத்தால் வகுக்க வருவது அது. அம்மட்டுக்குத் தம் பெயரை ஈந்த தோமஸ் யங் (1773–1829) தொழிலால் வைத்தியர் என்பது நினைவுகூரத்தக்கது. உருக்கின் மட்டு ஏறத்தாழ 20 கோடி கிலோபஸ்கால். மார்பகக் கொழுப்பின் மட்டோ ஏறக்குறைய 3 கிலோபஸ்கால் மாத்திரமே. அஃதாவது 30 சதமமீற்றர் உயர நீர்நிரல் தரும் அமுக்கத்துக்கு ஒப்பானது.

இத்துணை மென்மையான பொருளை அளப்பது எளிதன்று. தோலின்கீழுள்ள கொழுப்பிழையம், எண்ணெய் நிறைந்த நுண்கலங்கள் நார்ச்சுவர்களுக்கிடையே அடைபட்ட அமைப்பாகும். சிறிது இழுக்க நெகிழ்ந்து கொடுக்கும். மேலும் இழுக்க நார்கள் விறைத்து எதிர்க்கும். அழுத்தியவாறே வைத்திருப்பின் அதன் எதிர்ப்பு நேரத்தோடு தளரும். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் உறைவதுபோலக் குளிரில் உடற்கொழுப்பும் இறுகுமாதலால், வெட்டியெடுத்த துண்டை 37 பாகை செல்சியசில் வைத்தே சோதித்தல் வேண்டும்.

அளக்கும் முறைகள் பல. சிறு முனையொன்றால் அழுத்தி, விசையையும் அமிழ்ந்த ஆழத்தையும் குறிப்பது ஒன்று. தோலைக் குழாயொன்றினுள் உறிஞ்சி, அது எழும் உயரத்தை அளப்பது மற்றொன்று. 1991 இல் அமெரிக்காவில் யோனதன் ஓபிர் குழுவினர், அழுத்துமுன்னும் பின்னும் கழியொலிப் படங்களை ஒப்பிட்டு, உள்ளிழையங்களின் விகாரத்தைக் காணும் எலாஸ்ரோகிராபி முறையை வெளியிட்டனர். பின்னர் வந்த முறையொன்று, இழையத்தினுள் குறுக்கலையை எழுப்பி அதன் வேகத்தை அளக்கின்றது. மட்டு அவ்வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம். கொழுப்பில் அலை செக்கனுக்கு 1 மீற்றர் சென்று, ஒரு கட்டியில் 4 மீற்றர் செல்லுமாயின், கட்டி கொழுப்பினும் ஏறத்தாழப் 16 மடங்கு கடினமானது என்பது பெறப்படும்.

இக்கணக்கு நம்மூருக்குப் புறம்பானதன்று. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் மக்கள் கால்நடையாக நடந்து திரட்டிய நிதியின் துணையால் எழுந்து, 2013 இல் திறக்கப்பட்டது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே. அக்கட்டிகள் பெரும்பாலும் சூழவுள்ள கொழுப்பினும் பன்மடங்கு கடினமானவை. ஆதலாற்றான் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. ஆயினும் ஆழத்திலுள்ள சிறு கட்டியை மேலுள்ள தடித்த கொழுப்பு மறைத்துவிடும். ஆங்கே கருவி உதவும். கடினமானவை யாவும் புற்றுமல்ல; புற்று யாவும் கடினமுமல்ல. இழையத்தைச் சிறிதெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதே முடிவான சோதனை.

நோவில்லையே என்று கட்டியைப் பொருட்படுத்தாதிருப்போர் நம்மிடையே பலர். தொடக்கத்திற் புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. நோவைக் காத்திராது, புதிதாய்த் தட்டுப்பட்ட கடினத்தை உடனே வைத்தியரிடம் காட்டுமாறு தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும்.